ஆறு குட்டி போட்டவளுக்கு ஓர் இடம்

என் அண்ணன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகையில் மூன்று குதிரைகள் வைத்திருந்தான். கல்யாண ஊர்வலம், சாமி ஊர்வலம் என்று வாடகைக்குப் போகிற குதிரைகள். இரண்டு இளசுகள், மூன்றாவது அவற்றின் அம்மா. வெள்ளைப் பெட்டை. மொத்தம் ஆறு குட்டி போட்டவள். கடைசிப் பிரசவத்தில் ரொம்பச் சிரமப்பட்டாள். வந்து பார்த்த மாட்டு டாக்டர், "இதோட நிறுத்திக்கோங்க. இனிமே குட்டியும் வேணாம், வேலையும் வேணாம்" என்றார்.

கடைசிக் குட்டியும் வளர்ந்து நின்றபின், கொட்டகையில் ஒன்று திரும்பினால் மற்ற இரண்டும் நகர வேண்டும் என்ற நிலை. அவளை விலைக்குக் கேட்டு ஒரு தரகர் இரண்டு முறை வந்தார். இரண்டாவது முறை அண்ணன் குதிரை லத்தியை வாரித் தள்ளத் தொடங்கினான், அதுவும் அவர் செருப்புப் பக்கமாகவே. மூன்றாவது முறை அவர் வரவில்லை.

"உனுக்குத்தான் நாலு பேரத் தெரியும் பாப்பா. நல்ல எடமா பாரு" என்றான் என்னிடம். எனக்கு நாற்பத்து மூன்று வயது. அவனுக்கு இன்னும் பாப்பாதான். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை பார்ப்பதால் எனக்கு லாரி டிரைவர்கள் நிறையப் பழக்கம். ஒவ்வொருவரிடமும் சொல்லிவைத்தேன்.

முதலில் பார்த்தவர் கடற்கரையில் குதிரைச் சவாரி விடுபவர். "சும்மா கட்டி வச்சா அதுக்கும் பேஜாரா இருக்கும்பா. கொயந்திங்கள ஏத்தி லைட்டா ரெண்டு ரவுண்டு..." அவர் முடிப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டான். அடுத்தது மணலி புதுநகரில் ஒரு பசுக் காப்பகம். சுத்தமான இடம். "உதைக்குமா?" என்று கேட்டார் பொறுப்பாளர். "ஆறு பெத்தவ சார், எப்பனா கோவம் வரும்" என்று அண்ணன் உண்மையைச் சொல்லித் தொலைத்தான். அதுவும் போயிற்று.

பிறகுதான் ஒரு டிரைவர் தன் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னார். சத்துணவுக்கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். அத்திப்பட்டில் வீட்டை ஒட்டி மணல் நிலம், ஒரு புங்கமரம், இரண்டு எருமை. நாங்கள் அவரை விசாரிக்கப் போனோம்; அவர் எங்களை விசாரித்தார்.

"பல்லு எப்பிடிக்கீது?"

"கடவாப் பல்லு தேஞ்சிட்ச்சிமா" என்றான் அண்ணன்.

"அப்ப கொள்ள வேக வச்சி மசிச்சித்தான் குடுக்கணும். எத்தினி புள்ளைங்களுக்குப் பொங்கிப் போட்ட கை. ஒரு குதிரைக்குப் பொங்க மாட்டேனா? ஆனா ஒண்ணு தம்பி. இங்க வுட்டதுக்கப்பறம், ஒரே ஒரு கல்யாணம்னு கேட்டுகினு வந்து நிக்கக் கூடாது. ரிட்டேருன்னா ரிட்டேரு."

அண்ணன் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குட்டி யானை என்று நாங்கள் சொல்லும் சின்ன சரக்கு வண்டியைக் கொண்டுவந்தோம். அவள் ஏற மறுத்தாள். கடைசியில் தவிட்டுக் கூடையோடு அண்ணன் உள்ளே ஏறி உட்கார்ந்ததும் பின்னாலேயே ஏறினாள். எண்ணூர் ரோட்டு நெரிசலில் ஒரு லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா மாமு, குட்டி யானைல குதிரையா!" என்று கத்தினார். வழியெல்லாம் சிரிப்புதான்.

ஐந்தாம் நாள் மதியம் ஆபீசில் இருந்தபோது போன் வந்தது. அத்திப்பட்டு அம்மாதான். "தம்பிய இட்டுகினு சீக்கிரம் வாம்மா. குதிரை கீய வியுந்து கெடக்குது. காலெல்லாம் நீட்டிகிச்சி. கண்ணத் தொறக்கல."

பைக்கில் அண்ணன் எந்த வேகத்தடைக்கும் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புங்கமர நிழலில் அவள் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தாள். அந்த அம்மா முறத்தால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் மண்டியிட்டு அவள் கழுத்தில் காதை வைத்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன்.

"கொறட்ட வுடுதுமா!" என்றான், சிரிப்பை அடக்க முடியாமல்.

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்றுதான் அந்த அம்மா கேள்விப்பட்டிருந்தார். இடமும் மெத்தென்ற தரையும் கிடைத்தால் படுத்தும் தூங்கும். எங்கள் கொட்டகையிலோ கருங்கல் தரை. "எத்தினி வர்சமா நின்னுகினே தூங்கிட்ச்சி, நானும் பாத்துகினு இருந்துட்டேன்" என்று அண்ணன் மெல்லச் சொன்னான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எனுக்கு உசுரே பூட்ச்சி" என்று அந்த அம்மா எங்களைத்தான் திட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சத்தம் போடாதீங்க, தூங்கட்டும். சாப்ட வாங்க" என்று உள்ளே அழைத்துப் போய்ப் புளிசாதம் போட்டார்.

நாங்கள் கை கழுவும்போது அவள் விழித்துக்கொண்டாள். மணலில் நன்றாக நாலு புரளல் புரண்டு, வெள்ளை உடம்பெல்லாம் பழுப்பாக எழுந்து நின்றாள். பழக்கதோஷத்தில் அண்ணன் அவளைக் கழுவிவிட வாளியைத் தூக்கிவிட்டான்.

"வுடு தம்பி" என்றார் அந்த அம்மா. "இப்ப எந்த மாப்ள வந்து ஒக்காரப் போறான்?"