சாக்பீஸ் தூள்ல தெரிஞ்ச வெடிப்பு

நீங்க நம்பித்தான் ஆவணும்னு நான் சொல்லலைங்க. முப்பது வருஷம் ஸ்கூல்ல சயின்ஸ் எடுத்தவ நான். டீச்சர், புளியமரத்துல வெள்ளையா ஒண்ணு நிக்குதுன்னு பசங்க வந்து சொன்னா, அது நெலா வெளிச்சம், போய் ஒக்காருன்னு அனுப்பிட்டு பாடத்த எடுப்பேன். தெருவுல யாராவது குறி கேக்கப் போனாக்கூட கூடப் போவ மாட்டேன். அப்படி இருந்த எனக்கு, அதுவும் பட்டப்பகல்ல, ஒரு இரும்புத் துண்டுல நடந்தத முழுசா யாருகிட்டயும் சொன்னதில்ல.

எங்க அண்ணன் தாமோதரன் ஏரோப்ளேன் கட்டினாரு. சிரிக்காதீங்க, நெஜம்தான். பட்டாளத்துல ப்ளேன் மெக்கானிக்கா இருந்துட்டு வந்தவரு, நைனார்பாளையத்துல எங்க வூட்டுக்குப் பின்னால ஒரு கொட்டா போட்டு அஞ்சாறு வருஷம் அதுலயே கெடந்தாரு. சட்டத்துக்கு இரும்புக் கொழாய், றெக்கைக்குத் துணி, எஞ்சின் பழைய காருது, கள்ளக்குறிச்சி பழைய இரும்புக் கடையில வாங்கினது. முன்னால சுத்தற காத்தாடிய ஒரு ஆசாரி தேக்குல செதுக்கிக் குடுத்தாரு. எதுக்குண்ணா இதெல்லாம்னு கேட்டா மேற்கால கையக் காட்டுவாரு, கல்வராயன் மலை நீலமா தெரியும், அத மேலருந்து ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்மா, அவ்ளோதாம்பாரு. மலை மேல இருக்கற கரியாலூருக்கு பஸ்ஸுலயே போவலாமேன்னு நான் கிண்டல் பண்ணுவேன். ஸ்கூல் வுட்டு வந்து அந்தக் கொட்டாவுல ஒக்காந்துக்கினு, அவரு ஸ்பேனரப் புடிச்சிக்கினு ஏதோ பழைய பாட்ட முணுமுணுக்க, நான் பரீட்ச பேப்பர் திருத்துவேன். எனக்கு அதவிட நல்ல சாயங்காலம் அப்புறம் அமையவே இல்லைங்க.

ப்ளேனுக்கு இருந்த ஒரே சீக்கு வெடிப்பு. எஞ்சின சட்டத்தோட புடிச்சினு இருக்கறது நாலு பிராக்கெட்டு, அதுல மேல எடது பக்கத்துது, கொட்டாவுல எஞ்சின ஓட்டிப் பாக்கறப்பல்லாம் அதிர்வு தாங்காம வெடிச்சிக்கினே இருக்கும். கனமா செஞ்சி போட்டாரு, வெடிப்பு வேற எடத்துக்குப் போச்சு. ரப்பர் வச்சாரு, கொஞ்சம் கம்மியாச்சு, ஆனா நிக்கல. ஆரம்பத்துல அந்த வெடிப்பு கண்ணுக்கே தெரியாது. இரும்ப மண்ணெண்ணெயில ஊற வச்சி, நல்லா தொடச்சிட்டு, மேல சாக்பீஸ் தூள் தடவி கொஞ்ச நேரம் வுடணும், வெடிப்பு இருந்தா உள்ள போன மண்ணெண்ணெய் கசிஞ்சி தூள்ல முடி மாதிரி ஒரு கோடு வரும். ஸ்கூல்லருந்து ஒடஞ்ச சாக்பீஸ் நான்தான் கொண்டாருவேன், அதனால அந்த வேலையும் என்னுதாயிடுச்சி.

அப்பத்தான் இட ஒதுக்கீடு கேட்டு ரோட்ட மறிச்சாங்க. மரத்த வெட்டி குறுக்கால போட்டுட்டாங்க, பஸ் இல்ல, லாரி இல்ல, ஸ்கூல் லீவு, கள்ளக்குறிச்சியில ஒரு கடை தொறக்கல. யாரு வூட்டுப் புள்ளைய போலீஸ் புடிச்சினு போச்சோன்னு ஊரே பயந்துக்கினு இருந்துச்சி. அண்ணன் மட்டும் சைக்கிள்ல ஒரு சுத்து போய்ட்டு மூஞ்சியெல்லாம் சிரிப்பா வந்தாரு. ஊருக்கு வெளிய, வெட்டிப் போட்ட ரெண்டு மரத்துக்கு நடுவுல, ஒரு மைல் நீட்டுக்கு நேரான தார் ரோடு காலியா கெடக்குது, ரெண்டு பக்கமும் வெட்டி முடிச்ச கரும்புக் கொல்ல, றெக்கைக்கு ஒரு தடையும் இல்ல. ஓடி மேல ஏற எடம் இல்லாமத்தான் அத்தினி வருஷம் அது கொட்டாவுலயே நின்னுச்சி. மறியல்ல இருந்தவங்கள்ல எங்க தெரு சேகரும் ஒருத்தரு, அவருகிட்ட கேட்டா, நாங்களும் பறக்கறதப் பாக்கறோம்ணே, கொண்டாங்கன்னுட்டாரு.

அன்னைக்கே புதுத் தகடு வெட்டி, என் கண்ணு முன்னாலயே ஓட்ட போட்டு, ஒரு பிராக்கெட்டு செஞ்சாரு. ஒரு நிமிஷம்கூட எஞ்சின்ல மாட்டாத இரும்பு. மறுநாள் காலையில வழக்கமா பண்றதுதானேன்னு சாக்பீஸ் தூள் தடவினேன். கோடு வந்துச்சி. ஓட்ட ஓரத்துலருந்து கெளம்பி சுண்டுவெரல் அளவுக்கு, கருப்பா. அண்ணனக் கூப்ட்டேன், லென்ஸ் வச்சிப் பாத்துட்டு எங்கன்னு கேட்டாரு. இந்தா இங்கன்னு காட்டறேன், அவருக்குத் தெரியல. தொடச்சிட்டு அவரே தடவினாரு, ஒண்ணும் இல்ல. நான் தடவினா கோடு. நேத்து செஞ்ச இரும்புல அதிர்வு ஏதும்மா, நீ பயந்துக்கினு பாக்கறன்னாரு. எனக்கும் அப்படித்தான் இருக்கும்னு தோணுச்சி. இருந்தாலும், பறக்கறதுக்கு முன்னால கட்டிப் போட்டு ஓட்டிப் பாருண்ணான்னு கையப் புடிச்சி கேட்டேன், எனக்காக ஒத்துக்கினாரு.

ப்ளேனத் தள்ளிக்கினு போய், ரோட்டுல கெடந்த மரத்துல வால கயிறு போட்டுக் கட்டி, முழு வேகத்துல ஓட்டினாரு. கரும்புச் சருகெல்லாம் பறந்துச்சி. கால் மணி நேரம்கூட ஆவல, டங்குனு ஒரு சத்தம், எஞ்சின் ஒரு பக்கமா சாஞ்சிச்சி, காத்தாடி சட்டத்துல இடிக்கறதுக்குள்ள அண்ணன் நிறுத்திட்டாரு. பிராக்கெட்டு ரெண்டு துண்டு. ஒடஞ்சது நான் காட்டின கோட்டுலயேதான்.

அது போவட்டும், கால் மணி நேரத்துல வெடிச்சிருக்கும்னு வச்சிக்கலாம். ஆனா இரும்பு ஒடஞ்ச எடத்தோட மொகத்தப் பாத்ததும் அண்ணன் அப்படியே ரோட்டுல ஒக்காந்துட்டாரு. புதுசா ஒடஞ்ச இரும்பு பளபளன்னு இருக்கும். ரொம்ப நாளா கொஞ்சம் கொஞ்சமா வெடிச்சதுன்னா, கிளிஞ்சல் ஓட்டுல இருக்கற மாதிரி வளைவு வளைவா, கருத்துப் போய் இருக்கும். இது முக்காவாசி கருப்பு, துருகூட இருந்துச்சி. வளைவெல்லாம் அந்த ஓட்டையிலருந்து கெளம்புது, முந்தின நாள் சாயங்காலம் போட்ட ஓட்டையிலருந்து. இது பல வருஷம் ஓடின இரும்பும்மான்னு மட்டும் சொன்னாரு.

மிச்சம் இருந்த தகட்டுல இன்னொண்ணு செஞ்சாரு. அதான் கடைசி, வேற வாங்க கடையும் இல்ல. ரெண்டு நாள்ல மரத்தயெல்லாம் எடுத்துடுவாங்கன்னு பேச்சு வேற வந்துடுச்சி. மறுநாள் மதியம் என் கையில குடுத்து, எனக்குத் தெரியாது மல்லிகா, ஒனக்குத்தான் தெரியுது, நீ சரின்னா இப்பவே போறேன்னாரு.

ஊற வச்சேன், தொடச்சேன், தடவினேன். ஒண்ணும் வரல. சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி சுத்தமா இருந்துச்சி. மூணு தடவ பாத்தேன். வெளிய மலை தெளிவா தெரிஞ்சிச்சி, காத்தே இல்ல, பறக்கறதுக்கு அதவிட நல்ல நாள் கெடைக்காது. எனக்கு அந்த டங்குன்ற சத்தம்தான் காதுலயே நின்னுச்சி. அவரத் தவிர எனக்கு யாருமில்ல.

"இருக்குதுண்ணா"ன்னேன்.

"எங்க?"

ஓட்டைக்கு சம்பந்தமே இல்லாம, நடுவுல ஒரு எடத்துல வெரல வச்சேன்.

அவரு லென்ஸக்கூட எடுக்கல. தலைய ஆட்டினாரு. பிராக்கெட்ட மேசையில இருந்த வைஸ்ல மாட்டி இறுக்கி, சம்மட்டியால ஒரே போடு. அந்தக் கோவம் என் மேல இல்ல, எனக்குத் தெரியும்.

மறுநாள் ரோட்டத் தொறந்துட்டாங்க, பஸ் ஓட ஆரம்பிச்சிச்சி. அப்புறம் அப்படி ஒரு எடம் அவருக்குக் கெடைக்கவே இல்ல. கொஞ்ச வருஷத்துல எஞ்சின வித்துட்டாரு, றெக்கைத் துணிய நெல்லு காய வைக்க யாரோ வாங்கினு போனாங்க. எழுபத்தாறு வயசு வரைக்கும் நல்லா இருந்துட்டுதான் போனாரு. மல்லிகா மட்டும் இல்லன்னா நான் அன்னைக்கே போயிருப்பேன்னு பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு. நான் பொய் சொன்னேன்னு கடைசி வரைக்கும் சொல்லல. சொல்லிடலாம்னுதான் பல தடவ வாயெடுத்தேன்.

ஏன் சொல்லலன்னா, அவரு சம்மட்டியால அடிச்சாருன்னு சொன்னேன்ல, அப்ப கீழ வுழுந்த துண்ட நான்தான் எடுத்தேன். ஒடஞ்ச மொகம் கருப்பா இருந்துச்சிங்க, துருவோட. அந்த வளைவு ஒவ்வொண்ணும், நான் சும்மா வெரல வச்ச எடத்துலருந்துதான் கெளம்பி இருந்துச்சி.