பிப்ரவரிப் பட்டியலா, மார்ச் பட்டியலா

மாரிட் ஹூக்ஸ்ட்ரா மிச்சிகனில், மருந்தோடு எலும்பு, தசைகளைக் கையாலேயே சரிசெய்யவும் சொல்லித்தரும் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிப்பவர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் மேற்பயிற்சி இடம் ஒதுக்க அப்போதெல்லாம் இரண்டு பட்டியல்கள். ஆஸ்டியோபதி ஆஸ்பத்திரிகளின் பட்டியல் பிப்ரவரியில், அலோபதி ஆஸ்பத்திரிகளின் பட்டியல் மார்ச்சில். இரண்டுக்கும் பெயர் கொடுக்கலாம். ஆனால் பிப்ரவரியில் இடம் விழுந்துவிட்டால் மார்ச் பட்டியலில் பெயரைத் தானாகவே அடித்துவிடுவார்கள். பிறகு கெஞ்சினாலும் நடக்காது.

பிப்ரவரியில் கிடைக்கக்கூடியது எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் குடும்ப மருத்துவம். இருப்பதே இரண்டு இடம். ஒன்று மாரிட்டுக்குத்தான் என்று நர்சுகள்வரை பேசிக்கொண்டார்கள். அவள் ஆசைப்பட்டதோ டெட்ராய்ட்டில் குழந்தைகள் நரம்பு மருத்துவம். வலிப்பு வந்த குழந்தைகளின் வார்டில் ஒரு மாதம் வேலை பார்த்துவிட்டு வந்தவள், அதற்குப் பிறகு வேறெதையும் பேசவில்லை.

அவள் கணவன் ரஸ் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ரஸ் ஆரம்பித்தான்.

"பிப்ரவரியிலயே முடிச்சுடேன் டாக்டரம்மா. நிம்மதியா தூங்கலாம்."

"தூங்கலாம். முப்பது வருஷம் சளியும் இருமலும் பாத்துக்கிட்டே தூங்கலாம்."

"சளி பிடிச்சவன் மனுஷன் இல்லியா?"

"டெட்ராய்ட் நேர்காணல்ல அந்தத் துறைத் தலைவர் என் கையக் குலுக்கி, 'அப்புறம் ஜூலைல பாக்கலாம்'னார், ரஸ். பயிற்சி ஆரம்பிக்கறதே ஜூலைலதான். சும்மாவா சொல்வாரு?"

"எங்க சூப்பர்வைசரும் வருஷா வருஷம் புது லாரி தரேங்கறான்."

மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவள் முடிவு செய்திருக்க வேண்டும். அந்த வாரமே பிப்ரவரிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டாள்.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை மதியம், இடம் உண்டா இல்லையா என்று மட்டும் தெரிவிப்பார்கள். இல்லை என்று வந்தது.

மறுநாளிலிருந்து மிஞ்சிய இடங்களுக்குப் போன் போட்டாள். எல்லோரும் அலோபதித் தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்டார்கள். அவள் எழுதியதோ ஆஸ்டியோபதித் தேர்வு மட்டும்.

"டெட்ராய்ட்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலியே," என்றாள்.

"எடுக்கற எண்ணம் இருந்தாத்தானே கேப்பான்," என்றான் ரஸ். சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கடைசியாக எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கே போன் செய்தாள். அலுவலகத்து லோயிஸ் அவளைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவள். "ரெண்டும் பிப்ரவரியிலயே போயிடுச்சு கண்ணு. கடைசி நாள்வரைக்கும் உன் பேரு இருக்கான்னு பாத்துக்கிட்டே இருந்தாரு பெரிய டாக்டர்," என்றாள்.

மே மாதம் பட்டம் வாங்கினாள். பெயருக்கு முன்னால் டாக்டர் வந்துவிட்டது. பயிற்சி இல்லாமல் உரிமம் கிடையாது. காய்ச்சல் மாத்திரைகூட எழுதிக் கொடுக்க முடியாது. அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பம் போடலாம்தான். ஒரு வருடம் சும்மா இருந்தவளை இன்னும் தயங்கித்தான் எடுப்பார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

கோடையில் தேவாலய விருந்தில் கிழவர் ப்ளீக்கர் தன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். "டாக்டரு, கை தூக்கவே வரல. உங்க படிப்புல கையாலயே சரி பண்ணிடுவீங்களாமே?"

மாரிட் பாதி எழுந்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க, மிஸ்டர் ப்ளீக்கர். புதுசா ரெண்டு டாக்டருங்க வந்திருக்காங்க."

"அவங்களுக்கு என்னைத் தெரியாதேம்மா," என்றார் கிழவர்.

ரஸ் அவள் தட்டில் உருளைக்கிழங்கை எடுத்து வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.