ஏழாவது குழி அருவி

கோல்ஃப் மைதானத்தை நாமே வடிவமைக்கிற வீடியோ கேம் ஒன்று என் லேப்டாப்பில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழாவது குழிக்கு முன்னால் அருவி ஒன்றை வைத்தேன். பாறைகளை அடுக்கி, தண்ணீரை விழவிட்டு, இரைச்சல் போதுமா என்று ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினேன்.

கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வாசல் குழாயைத் திறந்தே விட்டு, அடியில் காலிக் குடத்தை வைத்திருப்போம். குடத்தில் விழுகிற சத்தம் கேட்டுத்தான் எல்லாரும் ஓடி வருவோம்.

பக்கத்து வீட்டு அக்கா மாவுக் கையோடு வெளியே வந்து, "ஏட்டி, தண்ணி வந்துட்டு" என்று எதிர்வீட்டைக் கூப்பிட்டார். நான் சத்தத்தை அணைப்பதற்குள் தெரு முழுக்கப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். ஒரு குழாயிலும் சொட்டு இல்லை.

அக்கா என் ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்தார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எரிந்து விழுந்திருப்பேன்.

"இம்புட்டுத் தண்ணியும் எதுக்கு தம்பி?"

ஆடுகிறவன் அடித்த பந்து அதில் விழுந்து தொலையத்தான்.