பதினாலா, பதினாறா

நவமணி அத்தையிடம் யார் எதைச் சொன்னாலும், அதன் கடைசி வார்த்தையை ஒருமுறை திருப்பிச் சொல்வார். "அத்த, மழ வரப்போவுது" என்றால், "வரப்போவுது?" என்பார். "சோறு வெந்துருச்சு" என்றால், "வெந்துருச்சு?" என்பார். சிறுபிள்ளைகளாக இருந்தபோது நானும் தம்பி தனேஷும் அதை வைத்தே விளையாடுவோம். வேண்டுமென்றே "அத்த, தனேஷ் ஒரு குரங்கு" என்று சொல்லிவிட்டு ஓடுவேன். "குரங்கு?" என்று அத்தை கேட்டதும் தனேஷ் அழுவான்.

அது வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று பதினைந்து ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை செம்பனை எண்ணெய் ஆலையின் தராசு அறையில் இருந்தார். குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறியதும் எடை திரையில் தெரிந்துவிடும். தோட்டத்தின் நம்பர் போட்ட காடுகளில் எந்தக் காட்டுப் பழம் என்பது ஓட்டுநர் தரும் சீட்டில் இருக்கும். மழை நாளில் சீட்டு நனைந்து மை கரைந்துவிட்டால், ஓட்டுநர் மேலேயிருந்து காட்டு நம்பரைக் கத்துவார். அத்தை அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவார். தமிழ் ஓட்டுநர்கள் தமிழிலேயே கத்துவார்கள். இருபத்தாறு ஆண்டுகள் அப்படியே போயின.

மாமா இறந்த பிறகும் அத்தை கம்பெனி வீட்டில்தான் இருந்தார். வேலை இருக்கும்வரை அந்த வீடும் இருக்கும். சென்ற ஆண்டு மார்ச்சில் அவருக்கு அறுபது வயது முடிந்தது. மேலும் இரண்டு ஆண்டு வேலை நீட்டிப்புக்கு ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி, 'என் கண்ணும் காதும் நல்ல நிலையில் உள்ளன.' கீழே கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமைக்குள் தர வேண்டும்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அசாம் ஜாவாவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா சமையலறைக்குள் போகும்வரை காத்திருந்து, தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"மாதவி, காதுல மாட்டுற மெஷின் இருக்குல்ல, வெளிய தெரியாத மாதிரி. அது கெடைக்குமான்னு பாரு."

"யாருக்கு அத்த?"

"யாருக்கு?" என்றார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை ஆண்டுகளாக அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் உதட்டைத்தான் பார்த்திருக்கிறார்.

"எடது காது சின்ன வயசுலேருந்தே மந்தம்," என்றார். "சோத்தாங்கைப் பக்கத்துக் காத வச்சு ஓட்டிட்டேன். இப்ப அதுவும் போவுது. வாயப் பாத்தாதான் வெளங்குது. ஒங்கப்பாகிட்ட சொல்லாத. ரிட்டையர் ஆயிடு, இங்கயே வந்துடுன்னு ஆரம்பிச்சுருவான்."

ஒரு மணி நேரம் தேடினோம். எட்டுப் பத்து இணையப் பக்கங்களைத் திறந்தேன், விலைகளை ஒப்பிட்டேன், ஒரு பக்கத்தில் அவர் வயதையும் ஊரையும் நிரப்பினேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அன்றைக்கு அந்தப் படிப்பு யாருக்கோ பயன்பட்டது போல எனக்குப் பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் அத்தை வந்து நின்றார்.

"ஆப்பீஸ் கம்ப்யூட்டருக்கு எப்படிடி தெரியும்?"

"என்ன அத்த?"

"காது மெஷின். எந்தப் பக்கத்த தொறந்தாலும் ஓரத்துல ஒரு கெழவன் காதுல கைய வச்சுக்கிட்டு நிக்கிறான். சரியாக் கேக்கலையான்னு மலாய்ல கொட்ட எழுத்துல எழுதியிருக்கு. ரெய்மண்டு பாத்துட்டான்."

ரெய்மண்ட் தராசு அறையில் அத்தையோடு எடை எழுதும் இளம் கிராணி. இருவருக்கும் ஒரே கணினி.

"என்ன சொன்னாரு?"

"'யாருக்குலா காது அவுட்டு? கம்ப்யூட்டரு கூப்ட்டுக் கூப்ட்டுக் கேக்குது'ன்னு சிரிக்கிறான். நான் எடைப் புத்தகத்த எடுத்துத் திரை ஓரத்துல சாச்சு வச்சேன். அவன் எடுத்துட்டான். மறுபடி வச்சேன்."

அந்தக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். ஜனவரியில் அத்தையின் சேமநிதி அறிக்கையை அச்செடுக்க ஆலைக்குப் போயிருந்தேன். அவருடைய மின்னஞ்சல் கணக்கை அந்தக் கணினியில் திறந்தேன், 'நினைவில் வைத்துக்கொள்' என்று கேட்டதற்குச் சரி என்று அமுக்கினேன், வெளியேற மறந்தேன். ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் தேடியதெல்லாம் அதே கணக்கு வழியாக ஆப்பீசுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. நான் படித்தது சந்தைப்படுத்தல். ரவாங்கில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஆறு மாதம் பயிற்சி பெற்றேன். எந்த விளம்பரம் யாரைத் தொடர வேண்டும் என்று கட்டம் கட்டமாக நிரப்புவதுதான் அங்கே என் வேலை. வயது ஐம்பத்தைந்துக்கு மேல், சிலாங்கூர், உடல்நலப் பக்கங்களைப் பார்த்தவர்கள். அந்தக் கட்டங்களுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு ஆப்பீசும் ஒரு ரெய்மண்டும் இருப்பார்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"நாளைக்கு வந்து அழிச்சிடுறேன் அத்த. அஞ்சு நிமிஷ வேல."

"வேல?" என்றார். பிறகு உட்கார்ந்தார். "ஒரு ஆள ஏற்கெனவே இந்தக் காது சாப்பிட்டுருச்சு மாதவி."

அப்போதுதான் லோரி ஓட்டுநர் செல்லனைப் பற்றிச் சொன்னார். கோவிட் காலம். எல்லார் வாயிலும் மாஸ்க். நல்ல மழை. செல்லன் லோரியிலிருந்து "பதினாலு" என்று கத்தியிருக்கிறான். அத்தை "பதினாறு?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். இன்ஜின் சத்தத்தில் அவன் தலையாட்டிவிட்டான். அன்றைக்குப் பதினாறாம் நம்பர் காட்டில் யாரும் குலை வெட்டவே இல்லை. அப்படியென்றால் அந்த லோரிப் பழம் எங்கிருந்து வந்தது? திருட்டுப் பழம் என்று விசாரணை நடந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பதினாறுன்னுதான் சொன்னான்னேன்." அத்தை மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காது கேக்கலைன்னு சொன்னா வேல போயிரும். ரெண்டு வாரம் அவன நிப்பாட்டி வச்சாங்க. திரும்பி வந்தப்ப எல்லாப் பயலும் அவனப் பதினாறுன்னே கூப்ட ஆரம்பிச்சுட்டானுங்க. தாங்க முடியாம வேலைய விட்டுட்டு சபாக் ஊருக்கே போயிட்டான்."

புதன்கிழமை காலை, அத்தைக்குச் சாப்பாடு கொண்டுவந்தது போல ஒரு தூக்குச்சட்டியோடு ஆலைக்குப் போனேன். கேட்டில் காவலர் சின்னையா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா பட்டதாரி, வேல கெடச்சிருச்சா?"

"இன்னும் இல்ல அங்கிள்."

"கெடச்சா எனக்கும் ஒண்ணு பாரு. இங்க கொசு கடிக்குது."

தராசு அறையில் எடைப் புத்தகம் திரையின் வலது ஓரத்தில் சாய்ந்து நின்றது. அத்தை அதற்குக் காவல் இருப்பது போலப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சேமநிதி அறிக்கையில் ஒரு பக்கம் விட்டுப்போய்விட்டது, இன்னொரு முறை அச்செடுக்க வேண்டும் என்று ரெய்மண்டிடம் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தேன். கணக்கிலிருந்து வெளியேறினேன். கடவுச்சொல்லை அழித்தேன். ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

அந்தக் கிழவர் அங்கேயே நின்றார், புத்தகத்துக்கு மேலே பாதி முகமும் காதில் வைத்த கையும் தெரிய.

"அது போவாது லா," என்றார் ரெய்மண்ட் பின்னாலிருந்து. "நான் நேத்து அத அமுக்கிட்டேன். வெல பாக்கலாம்னு. அதுலேருந்து என்ன விட மாட்டேங்குது."

"ஒங்களுக்கு எதுக்குண்ணே?"

"எனக்கில்ல லா. சின்னையாண்ணனுக்கு. மத்தியானம் இந்தக் கம்ப்யூட்டர்லதான பழைய பாட்டு கேக்குறாரு? சவுண்ட ஃபுல்லா வைப்பாரு. அவர்தான் தேடியிருக்காரு. போன வாரம் லோரிக்காரன் ஹோர்ன் அடிச்சு அடிச்சுப் பாத்தான், மனுசன் கேட்டே தொறக்கல. காது கேக்காதவர கேட்டுல வச்சா யாராச்சும் அடிபட்டுச் செத்துருவான். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பத்து நிமிடத்தில் மேனேஜர் வந்தார். சின்னையாவையும் கூடவே அழைத்து வந்திருந்தார். வாசலில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு மலாயில் பேசினார். தாழ்ந்த குரல், மரியாதையான பேச்சு. நாளை முதல் கேட்டுக்கு வர வேண்டாம். கிளினிக்கில் காதைச் சோதித்துச் சான்று கொண்டுவாருங்கள், அதுவரை சம்பளம் கிடையாது.

"டேய் ரெய்மண்டு, எனக்கு நல்லாக் கேக்கும்டா," என்றார் சின்னையா. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அன்னிக்கு டாய்லெட்டுல இருந்தேன்டா."

அத்தைக்கு எதுவும் கேட்கவில்லை. மேனேஜரின் முதுகைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. என் பக்கம் திரும்பினார். புருவத்தை உயர்த்தினார். என்ன சொல்றாங்க?

அந்த ஒரு நொடியை நான் இன்னும் மறக்கவில்லை. கணக்கை மூடிவிட்டேன். அத்தையின் பெயர் அந்தக் கணினியில் எங்கும் இல்லை. நான் 'ஒண்ணுமில்ல' என்று உதட்டை அசைத்தால் போதும். நாளைக்குக் கையெழுத்து, இரண்டு ஆண்டு வேலை, வீடு. சின்னையாவும் சோதித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செல்லனும் இரண்டு வாரத்தில் திரும்பித்தானே வந்தான் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

சத்தமில்லாமல் உதட்டை அசைத்தேன். "சின்னையா அங்கிளுக்குக் காது கேக்கலையாம். நிப்பாட்டப் போறாங்க."

அத்தை இந்தமுறை எதையும் திருப்பிச் சொல்லவில்லை. எழுந்து, திரையில் சாய்த்து வைத்திருந்த எடைப் புத்தகத்தை எடுத்து மேசையில் படுக்க வைத்தார். கிழவரின் முகம் முழுதாகத் தெரிந்தது.

"என்சிக்," என்று மரியாதையாக அழைத்தார். மேனேஜர் திரும்பினார். அத்தை விளம்பரத்தைக் காட்டி, மலாயில் சொன்னார். "அது என்னைத் தேடி வந்தது. காது கேட்காதது எனக்குத்தான்."

வெளியே லோரி ஒன்று ஹோர்ன் அடித்தது. சின்னையா திரும்பிப் பார்த்தார். அத்தை திரும்பவில்லை.

சின்னையா கேட்டிலேயே இருந்தார், அத்தைக்கு நீட்டிப்பு கிடைக்கவில்லை. மேனேஜர் கோபப்படவில்லை, தராசு மேடையில் லோரி பின்னால் வரும்போது சத்தம் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதை எங்களால் மறுக்க முடியவில்லை. வீட்டைக் காலி செய்ய இரண்டு மாதம் கொடுத்தார். சாமான் ஏற்ற ரெய்மண்ட் அவருடைய மாமாவின் லோரியைக் கொண்டுவந்தார். ஒரு வார்த்தை பேசாமல் ஐஸ்பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்க முயன்றார். "நீ தூக்கி இடுப்ப ஒடச்சுக்கிட்டா அதுக்கும் ஒரு விளம்பரம் வரும், தள்ளு," என்று சின்னையா மறுமுனையைப் பிடித்தார்.

அத்தை இப்போது எங்கள் வீட்டில், தனேஷின் அறையில் இருக்கிறார். ரவாங் நிறுவனம் நிரந்தர வேலைக்கு என்னை அழைத்தது. போகவில்லை. அது கொள்கையா, குற்றவுணர்ச்சியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. காது மெஷின் விளம்பரங்கள் இப்போது என் கைப்பேசிக்கும் வருகின்றன. வேண்டாம் என்று அமுக்கினால், ஏன் வேண்டாம் என்று கேட்கிறது. கொடுத்திருக்கும் பதில்களில் என் பதில் இல்லை.

ஆகஸ்டில் அரசு மருத்துவமனை வழியாக அத்தைக்கு மெஷின் கிடைத்தது. மாட்டிய அன்று ஃபேன் சத்தம் பெரிதாக இருக்கிறது என்று நிறுத்தச் சொன்னார். அக்டோபரில், "சபாக்குக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

செல்லன் ஒரு நெல் லோரிக் கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்தார். அத்தையைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "நவமணிக்கா! எங்கக்கா இந்தப் பக்கம்?" தேநீர் வாங்கிவரச் செய்தார். பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். தராசு வேலை எப்படி என்று கேட்டார்.

"விட்டுட்டேன் செல்லா," என்றார் அத்தை. டம்ளரைக் கீழே வைத்தார். "ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அப்போது கொட்டகைக்குள்ளிருந்து யாரோ கத்தினார்கள். "டேய் பதினாறு! லோரிய எடுடா!"

தோட்டத்திலிருந்து செல்லனோடு இங்கே வந்தவன் எவனோ பெயரையும் கொண்டுவந்திருக்கிறான். நல்ல தூரம். முன்பு என்றால் அத்தைக்குக் கேட்டிருக்காது. இப்போது அவர் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது.

"வரேன்டா!" என்று கத்திவிட்டு, செல்லன் சிரித்தார். "என்னமோ சொல்லணும்னீங்களேக்கா?"

"சொல்லணும்?" என்றார் அத்தை.

செல்லன் காத்திருந்தார். அத்தை என் கையைப் பிடித்து எழுந்தார். "அடுத்த தடவ வரேம்பா. வேலையப் பாரு."

காரில் ஏறியதும் மெஷினைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். அசாம் ஜாவா வரும்வரை நான் பேசினால் கேட்காது என்பது அதற்கு அர்த்தம். அந்த அடுத்த தடவை இன்னும் வரவில்லை.