தவளைக்குத் தீட்டு உண்டா

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நான் டாக்டராக வேண்டும். ஆனால் நான் எதையும் தொடக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறோமே என்ற கூச்சம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. முக்கியமாக அப்பாவுக்கு.

அப்பா ஸ்ரீரங்கத்தில் கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை சமைக்கிறவர். விடிவதற்கு முன்பே குளித்து, ஈர வேஷ்டியோடு கிளம்புவார். வழியில் யாராவது மேலே பட்டுவிட்டால் திரும்பி வந்து மறுபடியும் குளிப்பார். ஒரு தடவை கொதிக்கிற நெய் அவர் முழங்கையில் கொட்டிவிட்டது. திருச்சி டவுனில் ஒரு டாக்டர் இரண்டு மாதம் கட்டுப் போட்டுக் குணமாக்கினார். அன்றிலிருந்து தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்காத்துப் பையன் டாக்டருக்குப் படிக்கப்போறான்" என்று ஆரம்பித்துவிட்டார். நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொண்டது. எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும்போது வேறு எதுவும் படிக்க எனக்கு மனசில்லை.

அறுபதுகளின் ஆரம்பத்தில் டவுனில் ஒரு கல்லூரியில் பி.யூ.சி. சேர்ந்தேன். மருத்துவத்துக்குப் போகிறவர்கள் எடுக்கிற நேச்சுரல் சயின்ஸ் குரூப். பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்ததெல்லாம் அங்கே ஒரே நாளில் இங்கிலீஷாகிவிட்டது. லெக்சரர் சொல்வதில் பாதி எனக்குப் புரியாது, மீதிப் பாதியை எழுதி முடிப்பதற்குள் கரும்பலகையை அழித்துவிடுவார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். செவ்வாய்க்கிழமை பிற்பகல் விலங்கியல் பிராக்டிகல் வந்தது. முதல் நாளே தவளை. நான் ஒரு முட்டாள், வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அதைப் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

அம்மா கையிலிருந்த கரண்டியோடு இரண்டடி பின்னால் போனாள். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அறுத்தியா? செத்த தவளையையா?"

"மயக்கம் போட்டிருக்கும்ப்பா. அறுத்தப்புறம்தான் சாகும்."

"இது இன்னும் மோசம்" என்றார்.

தவளைக்குத் தீட்டு உண்டா என்று கேட்கக் குடும்பத்துப் புரோகிதரான வாத்தியாரிடம் அவர் அன்றைக்கே போனார். ஆடு, மாடு, நாய் வரைக்கும் வாத்தியாருக்குத் தெரிந்திருந்தது. தவளையைப் பற்றி அவரை அதுவரை யாரும் கேட்டதில்லையாம். எதற்கும் இருக்கட்டும், கட்டின துணியோடு குளித்துவிடட்டும் என்று சொல்லி அனுப்பினார். இந்த 'எதற்கும் இருக்கட்டும்' ஒரு வருஷம் என் உயிரை வாங்கியது.

செவ்வாய்க்கிழமைகளில் நான் வாசல் வழியாக வீட்டுக்குள் வரக் கூடாது. பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் வர வேண்டும். கத்தரி, கத்தி, இடுக்கி இருக்கிற பெட்டியை மாட்டுக் கொட்டில் மாடத்தில் வைக்க வேண்டும், ரெக்கார்டு நோட்டையும் அங்கேயே. பிறகு கிணற்றடியில் சட்டையும் வேஷ்டியுமாக நிற்பேன், அப்பா குடத்தால் தலையில் ஊற்றுவார். மார்கழி மாதமும் இதே கதைதான். பல் கிட்டிக்க நின்றுகொண்டு ஒரு நாள் கேட்டேன், "நாளைக்கு மெடிகல் காலேஜ்ல மனுஷனையே அறுக்கணுமே, அப்போ என்னப்பா பண்ணுவேள்?" அப்பா கொஞ்சம் யோசித்தார். "அங்கே ஹாஸ்டல் இருக்குமோல்லியோ" என்றார்.

பங்குனி பிறந்தது, தேர்வு நெருங்கியது. வருஷம் பூராவும் வரைந்த படங்களுக்கெல்லாம் லெக்சரர் கையெழுத்து இருந்தால்தான் தேர்வுக்கு அனுப்புவார்கள், அது கல்லூரிச் சட்டம். என் நோட்டில் ஒரு கையெழுத்துக்கூடக் குறையவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் தேதியோடு சிவப்பு மையில் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் கொட்டிலுக்குப் போனபோது மாடம் காலியாக இருந்தது.

நோட்டு துணி உலர்த்துகிற கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக ரோஸ் நிறத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"சமர்ப்பிக்கறதுக்கு முன்னாடி பெருமாள் சன்னதில ஒரு நாழி வைக்கலாம்னு பார்த்தேன்" என்றார் அப்பா, முகமெல்லாம் சந்தோஷமாக. "அப்படியே எப்படி உள்ளே கொண்டுவரது? அதான் ரெண்டு குடம் தீர்த்தம் விட்டேன். இனிமே தோஷமில்லே, நீ உள்ளேயே வச்சுக்கலாம்."

பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்த்தேன். பென்சிலில் வரைந்த தவளை அத்தனையும் நரம்பு பிசகாமல் அப்படியே இருந்தது. கையெழுத்து மட்டும் ஒன்றுகூட இல்லை. அப்பாவிடம் அதற்கு முன்பு நான் குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது. அன்றைக்குப் பேசினேன். "என் டாக்டர் படிப்பை நீங்களே கரைச்சுக் கொட்டிட்டேள்" என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். அப்பா காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அங்கேயும் என் அதிர்ஷ்டம் முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. கையெழுத்துப் போட்ட லெக்சரர், பிராக்டிகல் எல்லாம் முடிந்த கையோடு, தை மாதமே வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்திருந்தவர் பாலக்கரையைச் சேர்ந்த முஸ்லிம், நிதானமானவர். அதிர்ந்து பேச மாட்டார், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். அலை அலையாக உப்பியிருந்த தாள்களைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"படம் நல்லாருக்குப்பா. ஆனா நீ அறுத்து நான் பாக்கலியே. பாக்காததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? ஒரு தவளைய என் முன்னால அறுத்துக் காட்டு, எல்லாத்துக்கும் சேத்துப் போட்டுடறேன்."

"எப்போ சார்?"

"நாளைக்குள்ள. ஆனா இங்க தவளை தீந்துபோச்சு. நீதான் கொண்டு வரணும்."

பங்குனி வெயிலில் தவளைக்கு எங்கே போவது? கல்லூரிக்குத் தவளை பிடித்துத் தருகிற ஆள் ஜீயபுரத்தில் இருந்தான். அவ்வளவு தூரம் போய்க் கேட்டால், மழை பெய்யட்டும் தம்பி என்கிறான். திரும்பி வந்து இருட்டும் வரை வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிப் பார்த்தேன். எல்லாம் வெடித்துக் கிடந்தது. மழைக்காலத்தில் தூங்கவிடாமல் கத்துகிற சனியன்களில் ஒன்றுகூட அன்றைக்குக் கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வந்து, நாளைக்குத் தவளை இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். எனக்கு விவரம் தெரிந்து, காய்ச்சலில் கிடந்த நாளும் கைக்கட்டோடு இருந்த இரண்டு மாதமும் தவிர, அந்த நேரத்தில் அவரை வீட்டில் பார்த்ததே இல்லை. முழங்கால் வரை சேறு. கையில் மூடி போட்ட பித்தளைத் தூக்கு. மூடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை போட்டிருந்தது.

"கொள்ளிடக் கரையில ஒரு தோப்பு ஊத்து வத்தலே. கிளம்பு" என்றார்.

"நீங்க கோயிலுக்குப் போகலியா?"

"ஆத்துல தீட்டுன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன்."

கூடவே பஸ் ஏறினார். தூக்கை என்னிடம் தரவில்லை, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்டக்டருக்கு அவரைத் தெரியும். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது குனிந்து, "என்ன சாமி, பொங்கலா? நமக்கும் கொஞ்சம் குடுங்க" என்றார். தூக்குக்குள்ளே தவளை மூடியை முட்டியது. "பொங்கல் இல்லேப்பா" என்றார் அப்பா. பொய் சொல்ல அவருக்கு வராது. கண்டக்டர் தூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவமானத்தில் ஆற்றில் குதித்துவிடலாமா என்றிருந்தது. தவளை கிடைத்த சந்தோஷத்தைக்கூட நிம்மதியாக அனுபவிக்கவிடாத மனுஷர் என்று மனசுக்குள் வைதுகொண்டே வந்தேன்.

லேபில் மயக்க மருந்து கொடுத்து, தவளையை மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நான்கு காலிலும் ஊசி குத்தினேன். அப்பா உள்ளே வரவில்லை. லெக்சரர் நாற்காலி போடச் சொன்னார், அதிலும் உட்காரவில்லை. வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். தோலை விலக்கி, நெஞ்செலும்பை வெட்டி, இதயத்தை மூடியிருந்த மெல்லிய சவ்வையும் எடுத்தேன். "சுத்தமான கை" என்று சொல்லிவிட்டு லெக்சரர் பேனாவைத் திறந்தார்.

அப்போது ஜன்னலிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"அடிச்சுண்டிருக்கேடா அது."

"கொஞ்ச நேரம் அடிக்கும்ப்பா" என்றேன், எரிச்சலாக.

"அதான் எல்லாத்தையும் காட்டிட்டியே. தைச்சு விட்டுடேன். டாக்டருக்குத்தானே படிக்கறே?"

எனக்குக் காதெல்லாம் சுட்டது. லெக்சரர் சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"தைக்கறதுக்கு இன்னும் ஆறு வருஷம் படிக்கணும் சாமி" என்றார். "அதுக்கு மொதல்ல இந்தக் கையெழுத்து வேணும்."

அப்பா தலையை ஆட்டினார். லெக்சரர் திரும்பி வந்து ஒவ்வொரு பக்கமாகச் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். ஒரு பக்கமும் விட்டுப்போய்விடக் கூடாதே என்று நான் பேனாவோடு கூடவே போனேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் நோட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். என் சீட் என் கையில் இருந்தது. அந்த வருஷம் தேறி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததும், பிறகு நாற்பது வருஷம் இதே தொழிலில் இருந்ததும் அந்தக் கையெழுத்துகளால்தான்.

நோட்டை அங்கேயே ஒப்படைத்துவிட்டு, வீட்டுக்குக் கொல்லை வழியாகத்தான் வந்தோம், இரண்டு பேருமே. அப்பா கிணற்றிலிருந்து இறைத்துத் தன் தலையில் ஊற்றிக்கொண்டார். அப்புறம் என் தலையில் ஊற்றினார். இரண்டாவது குடத்தைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார்.

"கடைசியில அது எப்போடா நின்னுது?"

எனக்குத் தெரியவில்லை. நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே சொன்னேன்.

அவர் இரண்டாவது குடத்தை ஊற்றினார், பிறகு மூன்றாவதையும் இறைக்கப் போனார்.