தை மாதத்தில் நின்ற கம்ப்யூட்டர்

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு பத்திரிகையின் செய்திப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். வேப்பமரத்தில் பால் வடிகிறது, கிணற்றுக்குள் கொலுசுச் சத்தம் கேட்கிறது என்று வந்த செய்திகளையெல்லாம், யார் பார்த்தது, எத்தனை மணிக்கு என்று இரண்டே கேள்வி கேட்டுக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறேன். அதனால் என் விஷயத்தில் அந்த இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருக்கிறேன். பார்த்தது மூன்று பேர். நேரத்தை நிமிஷத்தோடு சொல்வேன். அதற்கப்புறம் நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

இப்போது நாங்கள் சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகிற ரோட்டில் குடியிருக்கிறோம். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுக்கிறேன். தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். நல்ல நேரம், ராகு காலம், பிறை, பண்டிகை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முஸ்லிம் வீட்டில் உட்கார்ந்துதான் ஊருக்கே எமகண்டம் குறிக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இந்த வேலையில் ஒரு வினோதம் உண்டு. கம்பெனி கொடுத்திருக்கிற பஞ்சாங்க மென்பொருள், கம்ப்யூட்டரில் என்ன தேதி இருக்கிறதோ அந்த நாளின் கணக்கை மட்டும்தான் காட்டும். அடுத்த வருஷக் காலண்டரைச் சரிபார்க்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரின் தேதியையே அடுத்த வருஷத்துக்குத் தள்ள வேண்டும். தெருவில் ஆடி மாதம் நடந்துகொண்டிருக்கும், நான் வரப்போகிற தை மாதத்தில் ஒவ்வொரு நாளாக நகர்ந்துகொண்டிருப்பேன். வேலை முடிந்ததும் தேதியைப் பழையபடி வைத்துவிடுவது வழக்கம். அன்றைக்கு வைக்கவில்லை. வைக்கவில்லை என்பதே எனக்கு நினைவில் இல்லை.

அன்று ஆடி கடைசி வெள்ளி. மணி மூன்றரை இருக்கும், பக்கத்து வீட்டு முத்துமாரி மகள் கௌசியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். முத்துமாரிக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை, இருக்கன்குடி அம்மன் கோயில் கொடை விழாவுக்காக அன்று லீவு. கௌசிக்குக் கவுன்சலிங்கில் மதுரைக் கல்லூரி ஒன்றில் இன்ஜினியரிங் சீட்டு ஒதுக்கியிருந்தார்கள். அன்று ஐந்து மணிக்குள் ஏற்றுக்கொள்கிறேன் என்று இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். தவறினால் சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் அவள்தான். போனில் செய்யலாம் என்று காலையிலிருந்து பார்த்திருக்கிறார்கள். கோயிலுக்கு வந்த அத்தனை ஜனத்தின் போனும் ஒரே டவரில் தொங்க, எதுவும் திறக்கவில்லை. பிரவுசிங் சென்டர் பூட்டிக் கிடந்தது.

"உங்க வீட்ல ஒயர்ல வர்ற நெட்டுல்லக்கா, அதுல பாருங்க," என்றாள் முத்துமாரி.

பார்த்தேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தியது. மோடத்தை அணைத்துப் போட்டேன், விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது. ஒயரைப் பிடுங்கிச் செருகினேன், பிரவுசரை மூடித் திறந்தேன், கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. அது பழைய கம்ப்யூட்டர், அதற்கு இது போதும் என்று தம்பி லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். கறுப்புத் திரையில் அடிக்கிற கட்டளைகளில் எனக்குத் தெரிந்தது பிங் ஒன்றுதான். நெட் உயிரோடு இருக்கிறதா என்று அது சொல்லும். அடித்தேன். இருக்கிறேன், இருக்கிறேன் என்று வரிவரியாகப் பதில் வந்தது.

"நெட் வருது முத்து, ஆனா பக்கம் எதுவும் திறக்க மாட்டேங்குது."

"திரியில தீ ஓடுது, மருந்துக்குப் போய்ச் சேரலைங்கீக."

"அதேதான்."

"அப்ப குனிஞ்சு பாக்காதீக, மூஞ்சியில வெடிச்சிரும்." அந்த நேரத்திலும் மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கௌசி மட்டும் சிரிப்பின் நடுவிலேயே கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு நாற்பது.

மறுபடி பிங் அடிக்கலாம் என்று மேல் அம்புக்குறியைத் தட்டினேன். கடைசியாக அடித்த கட்டளை திரும்ப வரும், எனக்கு வரவேண்டியது பிங். வந்தது வேறு. 'டைம்' என்று தொடங்கி 'ட்ரூ' என்று முடிகிற ஒரு நீள வரி. அதை நான் அதற்குமுன் பார்த்ததுகூட இல்லை.

"இது என்ன பெரியம்மா?" என்றாள் கௌசி.

"தெரியலடி."

"தெரியலைன்னா அமுக்குங்க, இதுக்கு மேல கெட என்ன இருக்கு?" என்றாள் முத்துமாரி.

அமுக்கினேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். திரையின் மேலே இருந்த தேதி தை மாதத்திலிருந்து ஒரே தாவாகத் தாவி ஆடிக்கு வந்து நின்றது. பிரவுசரைத் திறந்தால் எல்லாப் பக்கமும் மடமடவென்று வருகிறது! கம்ப்யூட்டர் தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றுகளெல்லாம் காலாவதி ஆனதுபோலத் தெரியும், அதனால்தான் கதவைச் சாத்தியது, அந்த நீள வரி சரியான தேதியை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிற கட்டளை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது அதையெல்லாம் யார் யோசித்தது. கௌசி உறுதி செய்தபோது நாலு ஐம்பத்திரண்டு. முத்துமாரி என்னைக் கட்டிப்பிடித்து, மகளைக் கட்டிப்பிடித்து, கடைசியில் மோடத்துக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். சாயங்காலம் வாசலில் ஆயிரம் வாலா வெடித்தாள். கோயிலுக்குப் போகிற ஜனம் அது அம்மனுக்குத்தான் என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டு போனது.

மறுநாள் காலையில் தம்பிக்குப் போன் போட்டேன். நீயா உள்ளே வந்து அடித்தாய் என்று கேட்டேன்.

"வெளியில இருந்து அதுக்குள்ள வர வழியே நான் வைக்கலக்கா. எந்தக் கட்டளைய எப்ப அடிச்சதுன்னு பட்டியல் இருக்கும், எடுத்துப் பாருங்க."

எப்படி எடுப்பது என்று அவனே சொன்னான். நான் அடித்த பிங் எல்லாம் தை மாதத் தேதியில் இருந்தது. அது சரி, கம்ப்யூட்டர் அங்கேதானே நின்றது. நான் அமுக்குவதற்கு முன்பே அதில் இருந்த அந்த நீள வரியின் தேதி மட்டும் தையையும் தாண்டி, அடுத்த ஆகஸ்டில் இருந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் எண். கையில் அடுத்த வருஷக் காலண்டர் தாள்களை வைத்திருந்த நான் புரட்டிப் பார்த்தேன். ஆடி கடைசி வெள்ளி. மாலை நாலு நாற்பத்தொன்று.

இதை முத்துமாரியிடம் சொன்னது என் தப்பு. அன்றிலிருந்து ஒரு வருஷம் என்னை விடவில்லை. "அந்த நேரத்துக்குக் கரெக்டா நீங்க அத அடிச்சிரணும்க்கா. அடிக்காம விட்டு, அன்னைக்கி வந்த வரி வராமப் போயி, எம்பிள்ள சீட்டே இல்லைன்னு ஆயிப்போச்சுன்னா?" கேட்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் காலண்டரில் அந்த வெள்ளியை வட்டமிட்டு வைத்தேன்.

அந்த வெள்ளியும் வந்தது. கௌசி ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். நாலு மணிக்கே மூவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். வரியைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். நாலரைக்கு மேல் அக்னிச்சட்டிக் கூட்டம் ஒன்று கொட்டுச் சத்தத்தோடு வந்தது. வருஷா வருஷம் இரண்டு வீட்டுக்குமாகச் சேர்த்து நீர்மோர் ஊற்றுகிறவர்கள் நாங்கள், ஒரு நிமிஷம்தானே என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். வெயிலில் நடந்து வந்த ஜனம் மோரைக் குடிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டோம். முத்துமாரிக்குத் திடீரென்று நினைவு வந்து அலறியபோது மணி நாலு ஐம்பது.

உள்ளே ஓடினோம். திரையில் அந்த வரி இருந்தது. அடித்து, ஓடி முடிந்து, அடுத்த வரிக்காகக் கோடு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. பட்டியலை எடுத்தேன். நாலு நாற்பத்தொன்று. வீட்டில் வேறு யாரும் இல்லை. இருக்கிற ஒரே வாசலை அடைத்துக்கொண்டு நின்றது நாங்கள் மூவர்தான்.

"அடிச்சது யாரா இருந்தா என்னக்கா, எம்பிள்ளைக்கு நல்லது செஞ்சிருக்கு," என்று சொல்லி முத்துமாரி மிச்ச மோரை எங்களுக்கு ஊற்றினாள். கௌசிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டேதான் குடித்தேன்.

அவர்களிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. அந்தக் கட்டளையை அடித்தால் கடவுச்சொல் கேட்கும், சரியாகக் கொடுத்தால்தான் ஓடும். அது என் தம்பிக்குத் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. நான் எங்கும் எழுதி வைத்ததில்லை, வாய்விட்டு ஒருமுறை சொன்னதில்லை. எனக்குப் பிறக்காமல் போன மகளுக்கு மனதுக்குள் வைத்திருந்த பெயர் அது.

இன்றுவரை நான் அந்தக் கடவுச்சொல்லை மாற்றவில்லை.