டீக்கடை டப்பாவில் என் படம்

தொண்ணூறுகளின் நடுவில் திருவண்ணாமலையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். சுற்றுப்பட்டு ஊர்களில் கிணற்று மோட்டார் பழுதானால் இறங்கிக் கழற்றி வருவதும் என் வேலைதான். அதனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் இறங்குவது எனக்குப் பழக்கம். பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டத்துக்கு உதவ எங்கள் தெருவில் ஒரு குழு இருந்தது. மயங்கி விழுந்தவரைத் தூக்குவோம், தொலைந்த பிள்ளையைச் சேர்ப்போம், எப்போதாவது யாராவது கிணற்றில் விழுந்தால் மீட்போம். கையில் ஒரு பச்சைத் துணிப் பட்டை, அவ்வளவுதான் எங்களுக்கு. கூலி வாங்கினால் அது தொண்டு ஆகாது என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். அப்படிச் சொல்வதில் எனக்குப் பெருமை.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை, அடி அண்ணாமலை பக்கத்தில் சுவர் இல்லாத கிணற்றில் ஒருவர் விழுந்துவிட்டார். வெளியூர்க்காரர். முகம் கழுவத் தண்ணீர் தேடிப் போயிருக்கிறார். நான் இறங்கிப் பார்த்தபோது மார்பளவு தண்ணீரில் ஒரு கல்லைக் கட்டிப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தார். கயிறு கட்டி மேலே அனுப்பினேன். பின்னால் நான் ஏறும்போது கால் வைத்த கல் பெயர்ந்துகொண்டது. பாறையில் விழுந்து வலது தொடை எலும்பு முறிந்தது. என்னைத் தூக்கி எடுப்பதற்குள் அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள். நான் விழுந்தது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ.

தொடையில் கம்பி வைத்தார்கள். மாதக்கணக்கில் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். கடை பூட்டிக் கிடந்தது.

எங்கள் குழுவில் ஒரு சைக்கிள் கடைக்காரர் இருந்தார். என்னைவிட இளையவர். எனக்கு ஏதாவது உதவி கிடைக்குமா என்று கேட்க வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்து, அங்கே நடந்ததை என் கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னார்.

"டூட்டியில இருந்தாரான்னு ஆபீசரு கேட்டாருண்ணா. ஆமா சார், கெணத்துல எறங்கினாருன்னேன். யாரு எறங்கச் சொன்னாங்கன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஆளு வுழுந்துட்டான், எறங்கினாரு, யாரு சொல்லணும்னேன். பாவம், நல்ல மனுஷன்தான். உக்கார வெச்சுப் பேசினாரு. சம்பளத்துல இருக்கறவங்களுக்குத்தான் வழி இருக்குதாம். இன்சூரன்ஸ் ஏதாவது போட்டிருக்கீங்களான்னு கேட்டாரு."

இன்சூரன்ஸ் என்றால் லாரிக்குப் போடுவது, செத்தால் வருவது. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஊருக்கு உதவப் போகிறவன் தன் காலுக்கு இன்சூரன்ஸ் போட்டுக்கொண்டு போவான் என்று நினைத்ததே இல்லை.

சில நாட்கள் கழித்து என் மனைவி கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து, பையைக்கூட வைக்காமல் என் எதிரே நின்றாள்.

"இன்னாங்க, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உங்க போட்டோ இருக்குது."

"பேப்பர்லயா?" என்று கேட்டேன். ஒரு நொடி சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"பிஸ்கட் டப்பாவுல. மேல ஓட்ட போட்டு வெச்சிருக்காங்க."

எங்கள் கல்யாணப் படம் அது, சைக்கிள் கடைக்காரர் அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்று வாங்கிப் போனது. அவளை வெட்டிவிட்டு என்னை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருந்தார்களாம். அவள் தோளும் மாலையில் பாதியும் ஓரத்தில் தெரிந்ததாம். கீழே, உயிரைக் காத்தவருக்கு உதவுங்கள் என்று எழுதியிருந்ததாம்.

சைக்கிள் கடைக்காரர் வந்ததும் கத்தினேன். "எடுத்துடுப்பா அத. பிச்ச எடுக்கற மாதிரி இருக்குது."

அவர் நிதானமாகச் சொன்னார். "கட கடயா ஏறி எறங்கி எடுக்கறது நானுண்ணா. நீங்க படுத்துனு கீறீங்க. உங்களுக்கு இன்னா?"

அடுப்பில் வெந்துகொண்டிருந்தது அந்தக் காசில் அவர் வாங்கிவந்து கொடுத்த அரிசி. அன்றைக்கும் சாப்பிட்டேன். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். இன்றுவரை சொன்னதில்லை.

ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும் பஸ் ஸ்டாண்டைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன். கடை திறந்தபோது வேறொன்று காத்திருந்தது. மோட்டார் கொண்டுவந்த விவசாயிகள் யாரும் பேரம் பேசவில்லை. முன்பெல்லாம் அரை மணி நேரம் சண்டை போடுகிறவர்கள், கேட்டதைக் கொடுத்துவிட்டு என் காலைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு ஒரு கார்த்திகை தீபத்துக்கு முன்னால் தொண்டர் குழுக்களை எல்லாம் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். விபத்து இன்சூரன்ஸ், மொத்தக் குழுவுக்கும் சேர்த்து. பணத்தை ஒரு நல்ல மனிதர் கட்டுவதாகச் சொன்னார்கள். விளக்கிப் பேச வந்தவர் என்னைப் பற்றி யாரிடமோ விசாரித்திருக்க வேண்டும். நடுவில் என் பக்கம் கையை நீட்டி, "நாளைக்கு யாரும் இவரு மாதிரி ஆயிடக் கூடாது பாருங்க" என்றார். அத்தனை பேரும் திரும்பினார்கள். எல்லோரும் தரையில் இருக்க, கால் மடங்காததால் நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒளிய இடமில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. என்னைக் காட்டியதால்தான் அன்றைக்கு எல்லோரும் பெயர் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு, எங்கள் குழுவில் இருந்த பூக்கடைக்காரர் ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. தீபத்தன்று மலையிலிருந்து ஓர் அம்மாளைத் துணியில் கிடத்தித் தூக்கி வரும்போது வழுக்கிவிட்டார். மாவுக்கட்டு பிரித்த கையோடு ஒரு நாள் என் கடை வாசலில் வந்து நின்றுகொண்டு கத்தினார்.

"எத்தினி வாட்டிப்பா அலய வுடுவானுங்க இந்த இன்சூரன்ஸ்காரனுங்க? கடசீல குடுத்தானுங்க, அதுவும் கம்மி. சும்மாவா குடுக்கறான்? நம்ம பேருல பணம் கட்டியிருக்குதுல்ல? நாளைக்குப் போயி நல்லாக் கேக்கப் போறேன்."

தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் கவலைப்படவில்லை. நான் டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே இன்னும் திட்டினார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. கால் முறிந்த அந்த வருடம் முழுக்க நான் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. டப்பாவில் காசு போட்டவர்கள் யார் யார் என்று தெரியாததால், தெருவில் எதிரே வந்த எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே நடந்தேன்.